சாய்ஸ் ஃபில்லிங்குக்கு முன்னால் எங்கள் பிள்ளைகள் கையில் ஒரு பக்கம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய தொழில்நுட்பக் கல்வி ஆணையர் அவர்களுக்கும், அண்ணா பல்கலைக்கழகக் கல்விக் குழுவினருக்கும் வணக்கம்.

ஆம்பூர்ப் பக்கம் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொறியியல் கலந்தாய்வில் வரும் ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு படிப்புக்கும் தமிழில் ஒரு பக்கக் குறிப்பு வேண்டும். அந்தப் படிப்பில் நான்கு வருடம் என்ன சொல்லித் தருகிறார்கள், அதே கல்லூரியின் பக்கத்துப் படிப்பிலிருந்து அது எங்கே மாறுகிறது, யார் பாடம் எடுக்கிறார்கள், என்ன ஆய்வகம் இருக்கிறது, போன வருடம் முடித்துப் போனவர்கள் என்ன ஆனார்கள். இது பிளஸ் டூ முடிவு வருவதற்கு முன்பே எங்கள் கைக்கு வர வேண்டும்.

கலந்தாய்வு முறையைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுழைவுத் தேர்வு போனது. 2018-ல் கலந்தாய்வு இணையத்துக்கு வந்தது; அப்பாவும் பிள்ளையும் ராத்திரி வண்டி பிடித்துச் சென்னைக்குப் போய்க் கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் காத்திருந்த காலம் முடிந்தது. 2021-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு பொறியியலுக்கும் வந்தது. அதில் சேருகிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. தோல் ஷெட்டில் கூலிக்குப் போகிறவரின் மகள் கிண்டி வளாகத்தில் படிக்கலாம் என்பதை இந்த ஊரில் இன்றைக்கு யாரும் கனவு என்று சொல்வதில்லை. இதைச் செய்தவர்களுக்கு எங்கள் ஊர் கடன்பட்டிருக்கிறது.

இவ்வளவும் செய்து பிள்ளையைப் பட்டியல் முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்த பிறகு, அங்கே அவளுக்குக் கிடைப்பது மிகவும் கொஞ்சம். கல்லூரி எண், படிப்பின் குறியீடு, இடங்களின் எண்ணிக்கை, முந்தைய வருடங்களின் கட்-ஆஃப், அவ்வளவுதான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குக் கணக்குப் போட்டு, தன் எண்ணுக்கு எது வரும் என்று பார்க்கிறாள். 1 என்றால் கிண்டி, 2006 என்றால் பி.எஸ்.ஜி. என்று பிள்ளைகளுக்குக் கல்லூரி எண்கள் மனப்பாடம். வேண்டிய கல்லூரியையும் படிப்பையும் விருப்ப வரிசையில் இணையத்தில் பதிகிற சாய்ஸ் ஃபில்லிங்குக்கு ஒரு சுற்றில் கிடைப்பது ஏறத்தாழ மூன்று நாள். அந்த மூன்று நாளும் பிரவுசிங் சென்டரில் கூட்டம் நிற்கும். அங்கே கணினி முன்னால் இருக்கிற பையன் சொல்வதுதான் பல வீடுகளில் கடைசி ஆலோசனை.

கட்-ஆஃப் அதிகமாக இருந்தால் நல்ல படிப்பு, குறைவாக இருந்தால் சுமாரான படிப்பு. ஊரில் எல்லோரும் வைத்திருக்கிற கணக்கு இது ஒன்றுதான். ஆனால் கட்-ஆஃப் என்பது போன வருடம் எத்தனை பேர் அதற்கு ஆசைப்பட்டார்கள் என்பதை மட்டுமே காட்டும். வகுப்பறைக்குள் என்ன நடக்கிறது என்று அது சொல்லாது. வேறு எந்தத் தகவலும் இல்லாததால் இந்த வருடப் பிள்ளைகளும் அதையே பார்த்து வரிசை போடுகிறார்கள். அடுத்த வருடக் கட்-ஆஃப் அப்படியே அதிலிருந்து உருவாகிறது.

இதில் அதிகம் குழம்புவது கம்ப்யூட்டர் படிப்புகளில்தான். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐ.டி., செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும், செயற்கை நுண்ணறிவும் இயந்திரக் கற்றலும், சைபர் செக்யூரிட்டி, கம்ப்யூட்டர் சயின்ஸும் பிசினஸ் சிஸ்டம்ஸும், இன்னும் புதிது புதிதாகப் பெயர்கள். ஒரே கல்லூரியில் இவற்றில் நாலைந்து பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள். பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறைப் பாடத்திட்டத்தை உட்கார்ந்து படித்தபோதுதான் எனக்கே ஓரளவு விளங்கியது. டேட்டா ஸ்ட்ரக்சர், டேட்டாபேஸ், ஆபரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க் எல்லாம் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் பொது. தரவு அறிவியல் பக்கம் போனால் புள்ளியியலும் இயந்திரக் கற்றலும் ஆழ்கற்றலும் கூடுகின்றன. கம்பைலர், கணிப்பின் கோட்பாடு போன்றவை பின்னுக்குப் போகின்றன. கணக்கில், அதிலும் நிகழ்தகவில், ஆர்வம் உள்ள பிள்ளைக்குத் தரவு அறிவியல் நல்லது. ஒரு இயந்திரம் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று நோண்டிப் பார்க்கிற பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ். இதைச் சொல்ல நாலு வரி போதும். அந்த நாலு வரி கலந்தாய்வுத் தளத்தில் எங்கேயும் இல்லை.

இன்னொன்றும் அந்தப் பாடத்திட்டத்தில் பார்த்தேன். மெக்கானிக்கல் படிக்கிறவருக்கும் சிவில் படிக்கிறவருக்கும் முதல் பருவத்திலேயே பைத்தான் இருக்கிறது. "கம்ப்யூட்டர் தெரியாமல் போய்விடும், அதனால் மெக்கானிக்கல் வேண்டாம்" என்று சொல்கிற பெற்றோரிடம் இதைக் காட்டினால் முகம் மாறுகிறது. எனக்குத் தெரிந்து அவர்களிடம் இதற்கு முன் யாரும் இதைச் சொன்னதில்லை.

பெண் பிள்ளைகளுக்கு இது இரண்டு மடங்கு பிரச்சினை. மெக்கானிக்கலும் எலெக்ட்ரிக்கலும் பெண்ணுக்குச் சரிவராது என்று வீட்டில் முடிவாகிவிடும். ஏ. லலிதா என்ற பெண் இதே கிண்டியில் எலெக்ட்ரிக்கல் படித்து 1943-ல் பொறியாளர் ஆனார். வீட்டில் போய் இதைச் சொன்னால் கேட்டுக்கொள்கிறார்கள், ஆனால் "இப்ப யாரு சார் போறாங்க?" என்ற அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்தந்தக் கல்லூரியில் போன வருடம் மெக்கானிக்கல் முடித்த பெண்கள் எங்கே வேலைக்குப் போனார்கள் என்று ஒரு வரி எழுதியிருந்தால் அந்த அம்மாவிடம் காட்டியிருப்பேன்.

படிப்பின் பெயர் விளையாட்டு விஷயமும் இல்லை. அரசு வேலைக்குப் போகும்போது இன்ன பட்டம் இன்ன பட்டத்துக்கு இணை என்று உயர்கல்வித் துறையின் அரசாணை தேவைப்படுகிற இடங்கள் உண்டு. புதுப் பெயரில் பட்டம் வாங்கியவர் நாலு வருடம் கழித்து, அறிவிப்பில் தன் பட்டத்தின் பெயர் இல்லை என்று அலைகிறார். இணைத்தன்மை இருக்கிறதா என்பது சேரும்போதே தெரிந்திருக்க வேண்டாமா? ஒரு பக்கக் குறிப்பில் அதற்கு ஒரு வரி ஒதுக்கினால் போதும்.

ஆசிரியர்கள் பற்றிச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, நானும் ஆசிரியன் என்பதால். ஆனாலும் சொல்ல வேண்டும். என்னிடம் படித்த ஒரு பெண் புதிதாகத் தொடங்கிய ஒரு படிப்பில், தனியார் கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். இரண்டாம் வருடம் வரை அந்தத் துறைக்கென்று ஆளே இல்லை. வேறு துறையிலிருந்து வந்தவர்கள் ஸ்லைடைப் படித்துவிட்டுப் போனார்கள். அவள் கெட்டிக்காரி, யூடியூப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு தேறினாள். கூடப் படித்த பலர் அரியரில் சிக்கினார்கள். 2024-ல் ஒரே பேராசிரியரின் பெயர் பல கல்லூரிகளின் கணக்கில் இருந்தது வெளியே வந்து, பல்கலைக்கழகமே விசாரணையில் இறங்கியதை எல்லோரும் பார்த்தோம். அதே 2024-25 கல்வியாண்டிலிருந்து, நன்றாக இயங்கும் கல்லூரிகளுக்கு ஒரு படிப்பில் இத்தனை இடம்தான் என்றிருந்த உச்சவரம்பை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் பக்கம் இடம் கூடிக்கொண்டே போகிறது. அந்த இடங்களுக்கெல்லாம் பாடம் எடுக்க ஆள் இருக்கிறார்களா என்று கேட்கும் உரிமை பதினேழு வயதுப் பிள்ளைக்கு உண்டு. துறையில் பாடம் எடுப்பவர்களின் பெயர், அவர்கள் எதில் முதுநிலை அல்லது முனைவர் பட்டம் வாங்கினார்கள், எத்தனை வருடமாக அந்தக் கல்லூரியில் இருக்கிறார்கள் என்பதைக் குறிப்பில் போடுங்கள். எல்லோர் கண்ணிலும் படும்படி பெயர் வந்துவிட்டால், ஒரே பெயரை இரண்டு இடத்தில் எழுதக் கை கூசும்.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று இந்தப் பாலாற்றங்கரை முழுக்கத் தோலும் காலணியும்தான் பிழைப்பு. என் வகுப்பில் தோல் வேலை செய்யாத வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். கிண்டி அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் லெதர் டெக்னாலஜி பி.டெக். இருக்கிறது, பக்கத்திலேயே அடையாறில் 1948-ல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கிறது. என் வகுப்பில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிந்த பிறகும் முதலில் முகம் சுளிப்பார்கள், அதில் நியாயம் இருக்கிறது. அப்பா அம்மா பட்ட பாட்டையும் அந்த நாற்றத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள், அதே வேலைக்கு ஏன் போக வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

ஆனால் அந்தப் படிப்பில் சொல்லித் தருவது ஷெட்டில் செய்கிற வேலையை இல்லை. தோலில் இருக்கிற புரதத்தின் வேதியியல், தோல் பதனிடப் போடுகிற குரோமியத்துக்கு மாற்று என்ன, கழிவு நீரை எப்படிச் சுத்தம் செய்வது, காலணியை எப்படி வடிவமைப்பது என்று அது விரிகிறது. இந்தப் பாலாறு தோல் கழிவால் கெட்டது பற்றி 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை இந்தியா முழுக்கச் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆற்றை மீட்கிற வேலை இன்னும் முடியவில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இங்கேயே ஓடுகின்றன, அவற்றை நடத்தவும் மேம்படுத்தவும் படித்தவர்கள் வேண்டும். அந்த வேலையை ஆற்றங்கரையில் பிறந்த பிள்ளை செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! என் ஆசை இது, மறைக்க விரும்பவில்லை. ஆனால் தேர்வு செய்ய வேண்டியது அவள். தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லட்டும், எனக்கு வருத்தமில்லை. தெரியாமலே தாண்டிப் போவதுதான் மனதை அறுக்கிறது.

தோலுக்கு மட்டும் இந்த நிலை என்று நினைக்காதீர்கள். சிவகாசியில் அச்சகத்து வாசலில் வளர்கிற பிள்ளைக்குக் கிண்டியில் பிரின்டிங் அண்ட் பேக்கேஜிங் படிப்பு இருப்பது தெரியுமா? திருப்பூரில் 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, சாயத்தையும் தண்ணீரையும் பிரிப்பது ஒரு பொறியியல் படிப்பின் பாடம் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பேட்டரி என்றால் நாட்டிலேயே பேர் சொல்லும் இடம் அது. அங்கேயே மின்வேதிப் பொறியியல் பி.டெக். நடத்தியிருக்கிறார்கள். ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள், அந்த வண்டியின் விலையில் பெரும் பங்கு பேட்டரிக்குப் போகிறது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற வாய்ப்பு பிளஸ் டூ மாணவனுக்கு எங்கே கிடைக்கிறது? செராமிக், டெக்ஸ்டைல், மைனிங், ஜியோ-இன்ஃபர்மேடிக்ஸ் என்று கிண்டியிலேயே இன்னும் எத்தனையோ. கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. இன்றைக்குச் செயற்கைக்கோள் படத்தை வைத்து நிலம் அளக்கிற படிப்பு அங்கே இருப்பது எவ்வளவு பொருத்தம். பட்டியலில் அது வெறும் இரண்டு எழுத்துக் குறியீடு.

வடிவமைப்புப் படிப்புகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை உங்கள் கலந்தாய்வுக்குள் வருவதில்லை என்று தெரியும். எங்கள் பிள்ளைகளில் கைத்திறன் உள்ளவர்கள் நிறையப் பேர். பி.டெஸ். என்று ஒரு வடிவமைப்புப் பட்டம் இருப்பதே அவர்களுக்குப் பிளஸ் டூ முடிந்த பிறகுதான் காதில் விழுகிறது. அதை ஐ.ஐ.டி.களில் படிக்க எழுதுகிற யூசீட் நுழைவுத் தேர்வு ஜனவரியிலேயே முடிந்துவிடும். அறிவியல் குரூப் மட்டுமல்லாமல் எந்தக் குரூப்பும் எழுதலாம். அகமதாபாத்தில் இருக்கிற தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கும் (என்.ஐ.டி.), ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட்டுக்கும் அப்படித்தான், குளிர் காலத்திலேயே கதவு சாத்திவிடும். நிஃப்ட் தரமணியிலேயே இருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து ரயிலில் போய் வரலாம். பிளஸ் ஒன் முடியும்போதே பள்ளிகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் ஒவ்வொரு மாவட்டத்திலும் சிலராவது எழுதுவார்கள். அதிலேயே சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப் படிப்பையும் சேருங்கள். அதற்கு ஜே.இ.இ. வேண்டாம், தகுதிச் சுற்றில் தேறினால் போதும், வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே படிக்கலாம். கடன் வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. படிப்பு வாங்க ஓடுகிற குடும்பம் அதற்கு முன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பாடத்திட்டம் முழுக்க எங்கள் தளத்தில் இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது. ஆங்கிலத்தில், நூறு பக்கம் தாண்டிய பி.டி.எஃப்.களாக இருக்கிறது. பன்னிரண்டு வருடம் தமிழில் படித்த பிள்ளை அதை மூன்று நாளில் படித்து ஒப்பிட முடியாது. தமிழில் எழுத உங்களிடம் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2010-லேயே சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கியவர்கள் நீங்கள். 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்று முதல் வருடத்துக்கே பாடம் வைத்தவர்கள் நீங்கள்.

தகவல் திரட்டுவது கஷ்டம் என்றும் சொல்லலாம். பாதித் தகவல் ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் அரியர் இல்லாமல் நாலு வருடத்தில் முடித்தார்கள் என்பது தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தின் கணினியில் இருக்கும். இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை நீங்களே வெளியிடுகிறீர்கள். அதைப் படிப்பு வாரியாகப் பிரித்து, தன்னாட்சிக் கல்லூரிகளையும் சேர்க்க வேண்டும், அவ்வளவே. மீதியில் பெரும்பகுதி மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரிகள் வருடா வருடம் கொடுப்பதுதான். எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேலே படிக்கப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் நடுச் சம்பளம் (எல்லோர் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது) எவ்வளவு என்று அதில் எழுதித் தருகிறார்கள். டெல்லிக்குக் கொடுக்கிற கணக்கைத் திருப்பத்தூருக்கும் கொடுக்கலாமே.

அந்த நடுச் சம்பளம் எனக்கு முக்கியம். ஜூன் மாதம் எங்கள் நெடுஞ்சாலை முழுக்க பேனர். யாரோ ஒருவர் வாங்கிய பெரிய சம்பளத்தைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள், நூறு சதவீதம் பிளேஸ்மென்ட் என்று கீழே ஒரு வரி இருக்கும். எத்தனை பேரில் நூறு சதவீதம் என்று இருக்காது. சேர்ந்தவர்களில் எத்தனை பேர் கேம்பஸ் இன்டர்வியூவில் உட்காரவே அனுமதிக்கப்பட்டார்கள் என்று இருக்காது. நீங்கள் கேட்கும் படிவத்தில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கையைத்தான் அடி எண்ணாக வைக்க வேண்டும், தேர்வானவர்களை இல்லை. படித்த துறையிலேயே வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்று தனியாகவும் கேளுங்கள். கல்லூரி முதல்வர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். பொய் எழுதினால் என்ன செய்வது? சேர்ந்தவர், முடித்தவர் எண்ணிக்கையை உங்கள் கணக்கோடு ஒப்பிட்டாலே பாதிப் பொய் நின்றுவிடும். மீதியை அந்தக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளே பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

எல்லாக் கல்லூரிக்கும் ஒரே வருடத்தில் முடியாது என்றால் முதலில் பல்கலைக்கழகத்தின் நான்கு வளாகங்களுக்கும், உறுப்புக் கல்லூரிகளுக்கும், அரசுக் கல்லூரிகளுக்கும் செய்யுங்கள். அவை உங்கள் கையிலேயே இருப்பவை. மார்ச்சில் பொதுத் தேர்வு முடிகிறது, மே மாதம் முடிவு வருகிறது, ஜூலையில் சாய்ஸ் ஃபில்லிங். ஏப்ரல் கடைசிக்குள் அந்தப் பக்கங்கள் தளத்தில் ஏறிவிட்டால் விடுமுறையிலேயே பள்ளியில் பிள்ளைகளையும் பெற்றோரையும் உட்காரவைத்துப் படித்துக் காட்டிவிடுவோம். அச்சடித்துச் சுவரில் ஒட்டுகிற செலவு எங்களுடையது. வரைவு தயாரானதும் எங்கள் மாவட்டத்துக்கு அனுப்புங்கள். இங்கே இருக்கிற இயற்பியல், வேதியியல், கணித ஆசிரியர்கள் சிலர், பிளஸ் டூ பிள்ளைகளிடம் படிக்கக் கொடுத்து, எந்த வரி புரியவில்லை என்று குறித்துத் திருப்பி அனுப்பத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருப்பத்தூர் மாவட்டம்